கவிழ்த்த தொட்டியின் முதுகு

அக்கா, எழுத உட்கார்ந்ததும் உன் பெயரைத்தான் முதலில் எழுதினேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, பெயர் வேண்டாம், அதைக் கண்டால் வயிறு எரிகிறது, அக்கா என்று மட்டும் எழுது என்றாள். அதனால் அக்கா. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். நீ சிரித்தாலும் பரவாயில்லை, எழுதாமல் விடப்போவதில்லை.

இனி மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் வீடு ஆம்பூரில், தோல் பதனிடும் டேனரிகளை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. ரயில் இங்கே நின்றால் வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் பச்சைத் தோலும் சேர்ந்த வாடை அது. எங்களுக்கு அந்த வாடை தெரியவே தெரியாது. வீட்டுக்குப் பின்னால் நாலு கட்டில் போடுகிற அளவுக்கு மண்தரை. அதில் ஒரு வேப்பமரம், ஒரு மாதுளை, ஓரத்தில் ஒரு கிணறு. அவ்வளவுதான் எங்கள் சொத்து. ஆனால் கோடை வந்துவிட்டால் அந்த இடத்துக்கு ஒரு ஊரே வந்து இறங்கும்.

அந்த ஊரைக் கூட்டி வந்தவள் அக்கா. அவள் டேனரியில் மயிர் அலசும் வேலைக்குப் போனாள். ஆட்டுத்தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டுச் சுரண்டினால் மயிர் குவியும். பெண்கள் அதை அலசிக் காயவைப்பார்கள், கயிற்றுக்கும் கம்பளிக்கும் போகும். மேஸ்திரியிடம் கேட்டு எப்போதாவது ஒரு பிடி மயிர் வாங்கி வருவாள். வீட்டில் மறுபடியும் அலசுவாள். சுண்ணாம்பு ஒட்டியிருந்தால் குஞ்சுக்கு உடம்பு வெந்துபோகும் என்பாள். பிறகு மாதுளை முள்ளில் கொத்துக் கொத்தாகச் செருகி வைப்பாள். சிட்டுக்குருவியும் கொண்டைக்குருவியும் அணிலும் பிய்த்துக்கொண்டு ஓடும். எங்கள் சந்தில் எந்தக் கூட்டைப் பார்த்தாலும் உள்ளே ஆட்டுமயிர் மெத்தைதான்.

எதிர்வீட்டு அத்தைக்கு இது பெரிய வேடிக்கை. எங்களுக்கு உறவில்லை, அத்தை என்று கூப்பிட்டுப் பழக்கம். "இன்னாடி, இந்த வெயில்ல குருவிக்குக் கம்பளி போத்தறியா?" என்று கேட்பாள். அக்கா திரும்பாமலே பதில் சொல்வாள். "பிள்ளைப்பேறு பாக்கறேன் அத்தே. உன் பொண்ணு வந்தப்போ நீ பாக்கல?"

எங்கள் கிணற்றுத் தண்ணீர் கசக்கும். டேனரித் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி அப்படி ஆகிவிட்டது. துணி துவைக்கலாம், குடிக்க முடியாது. பறவைகளும் குடிக்காது, அலகை நனைத்துவிட்டுத் தலையைச் சிலுப்பும். வேறு வழியில்லாமல் சுண்ணாம்புக் குழியில் போய் வாய் வைத்துச் செத்துக் கிடந்த மைனாக்களை அக்கா பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகுதான் கல்தொட்டி வந்தது. மலையடிவாரத்தில் கல் கொத்துகிறவர்கள் விளிம்பு உடைந்துபோனதென்று ஒதுக்கிப் போட்ட சின்னத் தொட்டி. அவர்களிடம் கேட்டு, ஆவாரம்பட்டை ஏற்றி வந்த வண்டியில் போட்டுக் கொண்டுவந்தாள். வேப்பமரத்தடியில் வைத்தாள். பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிதண்ணீர் எடுக்கப் போகிறபோது, அதற்கென்று ஒரு குடம் கூடுதலாக எடுத்து வருவாள்.

காலையில் முதலில் வருவது தவிட்டுக்குருவிக் கூட்டம். குழாயடி கிடையாத எங்கள் சந்தில் பெண்கள் ஊற்றுக்குப் போகும்போது எப்படிச் சண்டை பிடிப்பார்களோ அப்படியே. ஒன்று முறைக்கும், ஒன்று அதைத் தள்ளும், கடைசியில் எல்லாம் ஒட்டி உட்கார்ந்துகொண்டு ஒன்றின் கழுத்தை ஒன்று கோதிவிடும். பிறகு மைனாக்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்ட தோல் தரகர்கள் மாதிரி நடந்துவரும். வெயில் ஏறினதும் ஓணான் சுவரில் நின்று தலையை ஆட்டும். அதற்கு அக்கா மேஸ்திரி என்று பெயர் வைத்திருந்தாள். வேலை செய்யாமல் தலையை மட்டும் ஆட்டுவதால். உச்சிவெயிலில் தேன்சிட்டு வரும், குளவி வரும், எப்போதாவது ஒரு கீரி வந்து, நாங்கள் யாருமே இல்லாததுபோலக் குடித்துவிட்டுப் போகும். மேலே டேனரியில் தோலிலிருந்து சுரண்டிப் போடுகிற ஜவ்வுக்காகப் பருந்துகள் சுற்றிக்கொண்டிருக்கும். அவற்றின் நிழல் தரையில் ஓடும்போது எல்லாம் ஒரு நொடி அடங்கும். அந்த ஒரு நொடிக்காகவே நானும் அக்காவும் கஞ்சிச் சொம்போடு பின்வாசற்படியில் உட்கார்ந்திருப்போம்.

அந்த வருஷம் பங்குனியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இறங்கும், மறுபடி ஏறும். வேலூருக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். மருந்து கொடுத்தார்கள். சித்திரை வந்தபோது அவளால் எழுந்து நடக்க முடியவில்லை. பாயைப் பின்வாசலுக்கு நேராக விரிக்கச் சொன்னாள். படுத்தபடி தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மாதுளையில் கொண்டைக்குருவி ஒன்று கூடு கட்டிக்கொண்டிருந்தது. அவள் கடைசியாக அலசி வைத்த மயிர்தான் அதற்கும் மெத்தை. ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"மழை வர்ற வரிக்கும் தொட்டியக் காயவுடாத பாப்பா. அது முட்டை வெச்சிருக்குது."

வீட்டில் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். சரி என்றேன். வேறெதுவும் அவள் என்னிடம் கேட்டதில்லை, வளையல் கேட்டதில்லை, புடவை கேட்டதில்லை. இதைக் கேட்டாள். சரி என்று சொல்லிவிட்டேன். இதுதான் என் கதை முழுவதும்.

கத்திரி வெயில் தொடங்கும் சமயத்தில் அவள் போய்விட்டாள்.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டில் இருக்கிற தண்ணீரையெல்லாம் கொட்டிவிடுவார்கள். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள்தான், ஆனாலும் இந்தப் பழக்கத்தை விடவில்லை. அக்காவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோதே எதிர்வீட்டு அத்தையும் இன்னும் சில பெண்களும் குடங்களை வெளியே எடுத்துவந்து கவிழ்த்தார்கள். கடைசியில் கல்தொட்டியிடம் வந்தார்கள். அது அவளுடைய தொட்டி, முதலில் அதைக் கவிழ்த்திருக்க வேண்டும் என்று ஒருத்தி சொன்னாள். இரண்டு பேர் பிடித்துப் புரட்டினார்கள். தண்ணீர் வேப்பமரத்து வேரில் ஓடி மண்ணுக்குள் போனது.

நான் சுவரோரம் நின்றிருந்தேன். அழுகைகூட வரவில்லை. பெண்கள் உள்ளே போனதும் ஒரு அணில் இறங்கி வந்தது. தொட்டியைச் சுற்றி ஓடியது. மேலே ஏறியது, இறங்கியது. பிறகு ஈர மண்ணை நக்கத் தொடங்கியது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகையோடேயே முடிவு செய்துவிட்டேன், இது காயாது.

அடக்கம் முடிந்து மறுநாள் காலையில் தொட்டியை நிமிர்த்தப் போனேன். அம்மா ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். முப்பதாம் நாள் பூசை முடிகிற வரைக்கும் கவிழ்த்ததை நிமிர்த்தக் கூடாதாம். செத்தவர்களுடைய ஆத்துமா வீட்டையே சுற்றிக்கொண்டிருக்குமாம். தன் பாத்திரத்தில் தண்ணீரைப் பார்த்தால் அதைவிட்டு மேலே போக மனம் வராதாம். பூசை வைத்து அனுப்பிவிட்ட பிறகுதான் எல்லாம்.

எனக்கு வாய் அடங்காது. வந்தால் வரட்டுமே என்றேன். வந்து இங்கேயே இருக்கட்டுமே, நமக்கென்ன கசக்கிறதா என்றேன்.

அம்மா என்னை அடிக்கவில்லை. மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்படிச் சொல்லாதடி. தண்ணிக்கு அலையற ஆத்துமாவா எம்பொண்ணு இங்க சுத்தக் கூடாது. அவ மேல போவணும். போயி இளைப்பாறணும்."

அதைக் கேட்ட பிறகு தொட்டியில் கைவைக்க முடியவில்லை. கோயில் உபதேசியாரிடம் போய் இது வேதத்தில் உள்ளதா என்று கேட்டேன். "கோயில்ல அப்படி ஒரு சட்டம் இல்லம்மா. ஆனா உங்கம்மா மனசு இப்ப நொந்துபோயிருக்குது. அதுமேல நீ கல்லப் போடாத." எனக்குச் சாதகமாக ஒன்றும் சொல்லவில்லை. எதிராகவும் சொல்லவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

வேறு வழி பார்த்தேன். கொட்டாங்குச்சியில் தண்ணீர் வைத்தேன், காக்கை கவிழ்த்துவிட்டது. பானை மூடியில் வைத்தேன், அம்மா எடுத்துக்கொண்டு போய் உள்ளே வைத்துவிட்டாள். தொட்டி இருந்த இடத்தில் எதை வைத்தாலும் அது தொட்டிக்குச் சமம்தான் என்றாள். பக்கத்துச் சுவரில் ஈரச் சாக்கு போட்டேன். அது சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒரு பாட்டுப் பாடுவதற்குள் காய்ந்துவிட்டது. வேப்பம்பூ உதிர்ந்து தரையெல்லாம் கிடந்தது. தவிட்டுக்குருவிகள் வந்து, கவிழ்ந்து கிடக்கும் கல்லைப் பார்த்துச் சண்டைகூடப் பிடிக்காமல் போய்விடும். கொண்டைக்குருவி மட்டும் போகவில்லை. வாயைத் திறந்தபடி கூட்டில் உட்கார்ந்திருந்தது. சிறகை விரித்து முட்டைக்கு நிழல் பிடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் சொன்ன 'சரி' எனக்குள் கல்லாட்டம் கிடக்கும்.

வழி காட்டினது எதிர்வீட்டு அத்தை. அவளுக்கே தெரியாது. துக்கம் கேட்க வந்தவர்கள் போகும்போது பின்வாசலில் கை கால் கழுவிவிட்டுப் போவார்கள். அத்தை ஒருநாள் கவிழ்ந்த தொட்டியின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக் கழுவிக்கொண்டு போனாள். அவள் போன பிறகு பார்த்தால் தொட்டியின் முதுகில் தண்ணீர் நிற்கிறது. கல் கொத்தினவர்கள் அடிப்பக்கத்தைச் சரியாகக் கொத்தவில்லை. யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. நடுவில் உள்ளங்கையைக் குவித்தாற்போல ஒரு பள்ளம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொண்டைக்குருவி மாதுளையிலிருந்து இறங்கியது. அத்தை கால் கழுவின தண்ணீர் என்று அதற்குத் தெரியுமா. குனிந்து குடித்தது, கழுத்தைத் தூக்கியது, மறுபடி குனிந்தது.

நான் உள்ளே ஓடினேன். எனக்கென்று வைத்திருந்த குடிதண்ணீரை எடுத்துவந்து, அந்தப் பள்ளத்தைக் கழுவி, நல்ல தண்ணீர் ஊற்றினேன்.

அம்மா பார்த்துவிட்டாள். முகம் மாறியது. அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "கவுத்தது கவுத்தபடிதானேம்மா இருக்குது. நான் நிமித்தல."

அம்மா தொட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கவிழ்ந்துதான் இருந்தது, அதில் சொல்ல ஒன்றுமில்லை. கட்டிலில் படுத்திருந்த நைனா, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், அங்கிருந்தே சொன்னார்: "வக்கீல் ஊட்ல பொறக்க வேண்டியது. நம்ம ஊட்ல வந்து பொறந்திருக்குது." அம்மா உள்ளே போய்விட்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

ஆனால் பள்ளம் சின்னது. ஒரு சொம்புகூடப் பிடிக்காது. கத்திரி வெயிலில் கல் தணல்போல இருக்கும், ஊற்றின தண்ணீர் நின்ற இடம் தெரியாமல் போய்விடும். ஊற்ற வேண்டியது, கொஞ்ச நேரத்தில் வந்து பார்க்க வேண்டியது, மறுபடி ஊற்ற வேண்டியது. டேனரியில் அக்கா பார்த்த வேலைக்கு என்னை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள், முப்பதாம் நாளுக்குப் பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வேண்டிய தண்ணீர் போக இதற்கென்று தனியாக ஒரு நடை ஆற்றுக்குப் போனேன். பாலாற்றில் தண்ணீர் ஓடி எத்தனையோ மாசம் ஆகியிருந்தது. ஊற்று நாளுக்கு நாள் கீழே போய்க்கொண்டிருந்தது. மணலைக் கையால் வாரி வாரிக் குழிக்குள் இறங்கி, ஊறுகிற வரைக்கும் காத்திருந்து, கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். நகக்கண்ணெல்லாம் மணல் ஏறி வீங்கியிருந்தது.

ஊற்றில் பெண்கள் கேட்டார்கள்.

"ஊட்ல ஆளு கம்மியாயிட்டுது. உனக்குத் தண்ணி மட்டும் ஜாஸ்தியா வேணுமா?"

அப்படிக் கேட்டவளுக்கு வாய்தான் அப்படி, மனசு அப்படியில்லை. அழுதால் குடம் நிரம்பாது. விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்றேன்.

"சாவு ஊட்ல இன்னாடி விருந்தாளி?"

"வந்து பாரு. இருபது பேருக்கு மேல. ஒருத்தனும் சோறு கேக்கறதில்ல."

அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் என் குழிக்குள் இறங்கிக் கொஞ்ச நேரம் மணல் வாரிக் கொடுத்தாள்.

விருந்தாளிகள் திரும்பி வந்தார்கள், ஆனால் இந்தத் தடவை வேறு மாதிரி. தொட்டியாக இருந்தபோது கூட்டமாகக் குடித்தார்கள். முதுகுப் பள்ளத்தில் ஒருவர் குடித்த பிறகுதான் இன்னொருவர். தவிட்டுக்குருவிகள் வரிசை நிற்கக் கற்றுக்கொண்டன என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், நானும் நம்ப மாட்டேன், அவை தள்ளிக்கொண்டுதான் நின்றன. ஆனாலும் ஒவ்வொன்றாகத்தான் குடித்தன. அணில் பள்ளத்துக்குள் வயிற்றை அமுக்கிப் படுத்துக்கொள்ளும், கால்கள் நாலும் நாலு பக்கம் தொங்கும். மேஸ்திரி ஓணான் விளிம்பில் நின்று தலையாட்டி அதை எழுப்பப் பார்ப்பான். அது எழுந்திருக்காது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன். அம்மா சமையல் பக்கத்து ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. ஆனால் ஜன்னலைவிட்டுப் போகவும் இல்லை.

முட்டை பொரிந்தது. கூட்டுக்குள் இறகில்லாத கழுத்துகள் ஆடின. தாய் வந்து பள்ளத்தில் அலகை நனைத்துக்கொண்டு போகும். தகப்பன் புழுவோடு வரும். கண் திறக்காத குஞ்சுகள் அக்கா அலசி வைத்த மயிருக்குள் கிடந்தன. ஒன்றுக்கும் உடம்பு வேகவில்லை. இதை நான் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கிட்டே வராமல், எக்கி நின்று பார்த்தாள். மயிர் வெள்ளையாகத்தான் இருக்கிறது, நன்றாகத்தான் அலசியிருக்கிறாள் என்று மட்டும் சொன்னாள்.

முப்பதாம் நாளுக்கு முன்பே குஞ்சுகள் பறந்துவிட்டன. கடைசிக் குஞ்சு பறக்கத் தெரியாமல் தொட்டி முதுகில் வந்து விழுந்து, தண்ணீரில் நனைந்து, நான் பிடிக்கப் போவதற்குள் வேப்பமரத்துக்குத் தாவிவிட்டது.

பூசை நாளன்று சாமியார் கறுப்பு உடுப்போடு பூசை வைத்தார். லத்தீனில் அவர் சொன்னது எங்களுக்குப் புரியாது, அக்காவின் பெயர் வந்த இடம் மட்டும் புரிந்தது. அம்மா அழாமல் முழங்காலில் இருந்தாள். வீட்டுக்கு வந்தவுடன் புடவையைக்கூட மாற்றாமல் நேராகப் பின்வாசலுக்குப் போனாள். வாங்க, நிமிர்த்திவிடலாம், அவள் போய்ச் சேர்ந்திருப்பாள் என்று நைனாவைக் கூப்பிட்டாள். எதிர்வீட்டு அத்தையும் வந்து நின்றாள். நைனா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்தோம். தொட்டி சாய்ந்தது.

கீழே ஒரு தேரை.

உடைந்த விளிம்பு வழியாக எப்போதோ உள்ளே போயிருக்கிறது. மண்ணில் வயிறு அளவுக்குக் குழி பறித்துக்கொண்டு, அந்த ஈரத்தில் உட்கார்ந்திருந்தது. நான் மேலே ஊற்றின தண்ணீர் ஓரமாக வழிந்து வழிந்து அங்கே இறங்கியிருக்க வேண்டும். வெளிச்சம் பட்டதும் ஓடவில்லை. தொண்டை மட்டும் ஏறி இறங்கியது. ஊரே வெந்துகொண்டிருந்த அத்தனை நாளும் அது அங்கே குளுகுளுவென்று இருந்திருக்கிறது.

அத்தை துடைப்பத்தைத் தேடினாள். நைனாவும் நானும் தொட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றோம். கை வலித்தது. அம்மாவைப் பார்த்தோம். அம்மா குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வுடுங்க," என்றாள். "மெதுவா. அதும்மேல படாம."

"நிமித்தணும்னியே," என்றார் நைனா.

"அது இருக்கட்டும். கல்லுக்குள்ள கெடக்கறதுக்கே ஆண்டவரு ஈரம் வுட்டிருக்காரு. எம்பொண்ணுக்கு வுடாமலா இருப்பாரு."

பழையபடி கவிழ்த்து வைத்தோம். உடைந்த விளிம்பு மறைந்துவிடாமல் நான் பார்த்துக்கொண்டேன். அத்தை துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, இந்த வீட்டில் எல்லோருக்கும் பைத்தியம் என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். மறுநாள் காலையில் நான் எழுந்து சொம்போடு போனபோது பள்ளத்தில் ஏற்கெனவே தண்ணீர் இருந்தது. அம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். அன்று முதல் எனக்கு ஆற்றுக்கு ஒரு நடை குறைந்தது. ஒரு குடம் அவள் இடுப்பில், ஒரு குடம் என் இடுப்பில்.

வைகாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம் மலைப் பக்கம் கறுத்தது. புழுதி எழும்பி, வேப்பங்கிளைகள் முறிந்து, பெரிய பெரிய துளியாக விழுந்தது. டேனரி வாடை அடங்கி மண்வாடை வந்தது. தொட்டியின் பள்ளம் நிரம்பி வழிந்தது. யாரும் ஊற்றாமல் அது நிரம்பினது அன்றைக்குத்தான். உடைந்த விளிம்பு வழியாகத் தேரை வெளியே வந்து, மழையில் உட்கார்ந்தது. நான் படியில் நின்று, அக்கா, காயவிடவில்லை என்று சத்தமாகவே சொன்னேன். அம்மாவுக்குக் கேட்டிருக்கும்.

இப்போது நான் மயிர் அலசும் வேலைக்குப் போகிறேன். தொட்டி இன்னும் கவிழ்ந்துதான் இருக்கிறது. இந்தக் கோடையிலும் அதே பள்ளத்தில்தான் ஊற்றுகிறோம். அந்தத் தேரைதானா வேறொன்றா தெரியாது, உள்ளே ஏதோ ஒன்று இருக்கிறது.

இதைப் படிக்கிற நீங்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறவர்களாக இருந்தாலும் சரி. வெயில் நேரத்தில் ஒரு சொம்பு தண்ணீர் குடிக்கும்போது, குடித்து முடித்ததும், எங்கள் அக்கா தாகமில்லாமல் இளைப்பாற வேண்டும் என்று ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். அவள் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, கடவுளுக்குத் தெரியும். நீங்கள் அக்கா என்று சொன்னாலே போதும்.